லேப்டாப் இப்போதே வாங்குவதா, பொறுத்து வாங்குவதா? முழுமையான வழிகாட்டி

லேப்டாப் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் மாடல்களை ஒப்பிடுவதில்தான் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் முடிவே வராது. வாரத்துக்கு ஒரு புதுப் பெயர் கண்ணில் படும், இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாமே என்று தோன்றும். மாடல் பார்ப்பது கடைசியில் செய்யவேண்டிய வேலை. தேதி, இருக்கும் லேப்டாப்பின் நிலை, விண்டோஸ் கெடு, அப்கிரேடு செலவு, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது, விலை ஆகியவற்றை இந்த வரிசையிலேயே தீர்த்துக்கொண்டு அங்கே போக வேண்டும்.

தொடங்கும் முன் நான்கு விவரங்களை எழுதிவையுங்கள்: லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண், வாங்கிய பில்லின் தேதி, அதில் கட்டாயம் ஓட வேண்டிய மென்பொருள்களின் பட்டியல், அதிகபட்சம் செலவழிக்க முடிந்த தொகை. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட தொடர் பெயர் போதாது. ஒரே பெயரில் ரேம் கழற்ற முடிந்ததும் முடியாததுமாகப் பல மாடல்கள் விற்கின்றன. ஸ்டிக்கரில் உள்ள எண் இருந்தால்தான் எந்த ரேம், எந்த பேட்டரி என்று சரியாகத் தேட முடியும்.

1. தேவைப்படும் தேதியைக் குறியுங்கள்

"சீக்கிரம் வேண்டும்" என்பது தேதி ஆகாது. கல்லூரி திறக்கும் நாள், புது வேலையில் சேரும் நாள், ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்கவேண்டிய நாள் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு வாரம் பின்னால் வாருங்கள். மென்பொருள் நிறுவ, ஃபைல்களை மாற்ற, பழுதான பெட்டி வந்தால் மாற்றி வாங்க அந்த இடைவெளி வேண்டும்.

தேதி ஆறு வாரத்துக்குள் இருந்தால் காத்திருப்பது பற்றி யோசிக்க வேண்டியதில்லை. 2, 3, 4-ஐ மட்டும் பார்த்துவிட்டு 7-க்குப் போய்விடலாம். தேதியே இல்லையென்றால், பெரும்பாலும் தேவையும் இல்லை. ஆசை தவறில்லை, அதை அவசரம் என்று எண்ணிக்கொள்வதுதான் தவறு.

பொறியியல் முதலாண்டு மாணவர்கள் கவுன்சலிங் முடிந்த கையோடு வாங்க ஓடுகிறார்கள். துறை என்ன மென்பொருள் கேட்கிறது என்று தெரியும்வரை பொறுப்பது நல்லது. மெக்கானிக்கல் சேர்ந்தவர் மேக்புக் வாங்கிவிட்டு, சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று பிறகு கண்டுபிடிப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். உங்கள் கல்லூரியும் ஆண்டும் அதில் வருகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

2. இருக்கும் லேப்டாப் எங்கே திணறுகிறது என்று பாருங்கள்

"ஸ்லோ ஆகிவிட்டது" என்பதற்கு நான்கைந்து காரணங்கள் உண்டு. புது லேப்டாப் தேவைப்படுவது அவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான்.

முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து மீண்டும் அதையே எடுக்கும். ரீஸ்டார்ட்தான் முழுதாகத் துடைத்துத் தொடங்கும்.

பிறகு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். பிரவுசரில் வழக்கமான டேப்கள், டேலி, எக்ஸெல் எல்லாம் திறந்திருக்கட்டும். திணறும் அந்த நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பாருங்கள். ஒன்றும் ஓடாத நேரத்தில் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, வேகம் மட்டும் நொடிக்கு ஓரிரண்டு எம்பி என்று காட்டினால், உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க், சிக்கலும் அதுதான். மெமரி தொடர்ந்து 90 சதவீதத்தைத் தொட்டால் ரேம் போதவில்லை.

சிபியு 100 சதவீதம் என்றால் புராசஸ் பட்டியலில் எது தின்கிறது என்று பாருங்கள். ஆன்டிவைரஸோ அப்டேட்டோ ஆக இருந்தால் முடியும்வரை விடுங்கள். சாதாரண பிரவுசருக்கே நாள் முழுக்க 100-ல் நின்றால் பிராசஸருக்கு வயதாகிவிட்டது. அதற்கு அப்கிரேடு கிடையாது, லேப்டாப்பில் பிராசஸர் பெரும்பாலும் போர்டோடு பற்ற வைத்தே வருகிறது.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. சிபியு வேகம் எப்போதும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரை. சில பிராண்டுகளில் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் போர்டே வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் நல்ல சார்ஜரோடு கதை முடிந்தது. ஏறாவிட்டால் ஃபேனில் அடைந்த தூசியும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டும் அடுத்த சந்தேகம்.

பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையின் (powercfg /batteryreport) பேட்டரி ரிப்போர்ட்டை எடுங்கள். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றும் காலம். டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி உப்பியோ இருந்தால் எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு சர்வீஸில் கழற்றக் கொடுங்கள், வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கும்.

3. விண்டோஸ் கெடுவைச் சரிபாருங்கள்

இதை அப்கிரேடுக்கு முன்பே செய்ய வேண்டும். விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பில் எஸ்எஸ்டி, ரேம் எல்லாம் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்துக்கு மைக்ரோசாஃப்ட் குறித்த கெடு 2026 அக்டோபர் 13. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பாகம்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி), மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர் மூன்றும் வேண்டும். இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்து, லேப்டாப்புக்கான ஏஎம்டி ரைசனில் 3000 வரிசையிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஐ5-8250யு ஏற்கும், ஐ5-7200யு ஏற்காது. உறுதியாகத் தெரிய மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டுங்கள்.

அது "டிபிஎம் இல்லை" என்று சொன்னதும் லேப்டாப்பை ஓரங்கட்டிவிடாதீர்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) அணைத்து வைத்திருக்கலாம். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். ஏற்கெனவே பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் லேப்டாப்பில் பயாஸைத் தொடும் முன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

பட்டியலுக்கு வெளியே உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டு பிரவுசர், லிப்ரே ஆபிஸ் வேலையை ஓட்டலாம். டேலி, கேமரா கண்காணிப்போடு நடக்கும் ஆன்லைன் தேர்வுகள் என்றால் இந்த வழி ஒத்துவராது. மேக் பக்கம், இன்டெல் பிராசஸரை ஏற்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் இன்டெல் மேக்புக் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

4. அப்கிரேடு செய்து தள்ளிப்போட முடியுமா?

ஹார்ட் டிஸ்க் இருக்கும் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடுவதைவிடக் காசுக்கு ஏற்ற வேலை வேறில்லை. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். அதைவிடப் பெரியது, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் ஃபைல்களைத் தேடும் நேரம். ஹார்ட் டிஸ்கில் முள் ஒவ்வொன்றுக்கும் நகர்ந்து போக வேண்டும், எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. விண்டோஸ் பூட் ஆவது இந்தச் சின்ன ஃபைல்களால்தான் இழுக்கிறது.

வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதே இடத்தில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடம்) இருந்தால் அது சாட்டாவா (பழைய, மெதுவான இணைப்பு), என்விஎம்இயா (வேகமான இணைப்பு) என்று சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ எஸ்எஸ்டி பொருந்தினாலும் பயாஸ் அதைப் பார்க்காது. நீளமும் முக்கியம். 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. நீளமானது குட்டை ஸ்லாட்டில் போகாது.

ரேமுக்கு டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கமே பாதி சொல்லிவிடும். ஸ்லாட்ஸ் யூஸ்டு என்பதில் 2-இல் 1 என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி. ஃபார்ம் ஃபேக்டர் என்பதில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று வந்தால் போர்டில் பற்ற வைத்த ரேம், அதைக் கழற்ற முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் வெட்டு இடம் வேறு, ஒன்று மற்றதில் நுழையாது. பழைய லேப்டாப் என்றால் டிடிஆர்3-ஆ, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்-ஆ என்று பழைய சிப்பின் ஸ்டிக்கரைப் படித்து வாங்குங்கள். சில லேப்டாப்களில் இந்தக் கணக்கு தவறாகவும் காட்டும். அடிமூடியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். ரப்பர் காலுக்கு அடியில் ஸ்குரூ ஒளிந்திருக்கும், அதைத் தேடாமல் மூடியை நெம்பினால் கிளிப் உடையும். உள்ளே எதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள்.

சென்னையில் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் லேப்டாப்பையே எடுத்துப் போய், உங்கள் கண்முன் போட்டு பூட் ஆவதைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் எஸ்எஸ்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், வாரன்டி அந்த எண்ணுக்குத்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதத்துக்கு ஃபார்மட் செய்ய வேண்டாம். எதை மாற்ற மறந்தோம் என்பது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

அப்கிரேடு, பேட்டரி எல்லாம் சேர்த்துப் புது லேப்டாப் விலையில் கால் பங்குக்குள் இருந்து, இன்னும் இரண்டு ஆண்டு ஓடும் என்றால் செய்யுங்கள். அதைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். கீல் உடைந்தது, டிஸ்பிளேயில் கோடு, பிராசஸர் போதவில்லை என்ற மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தாலும் செலவு வேண்டாம்.

5. எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? பெயரையும் தேதியையும் எழுதுங்கள்

"அடுத்து நல்லதாக வரும்" என்பது எப்போதும் உண்மை, ஆகவே அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. குறிப்பிட்ட ஒன்று, குறிப்பிட்ட மாதத்தில், உங்கள் வேலையில் குறிப்பிட்ட ஒன்றை மாற்றும் என்று ஒரே வரியில் எழுத முடிந்தால் மட்டும் காத்திருங்கள்.

புதுத் தலைமுறைப் பிராசஸரில் இரண்டு வகை உண்டு. ஒன்று பெயர் மட்டும் மாறுவது. 2022-இல் வந்த இன்டெல் ஐ5-1235யு, 2023-இல் வந்த ஐ5-1335யு இரண்டுக்கும் 10 கோர், 12 த்ரெட். உச்ச வேகம் 4.4-லிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸ் ஆனது. ஓராண்டு காத்திருந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். 2024 ஜனவரியில் புதுப்பெயரோடு வந்த கோர் 7 150யுவும் அதே பழைய ராப்டர் லேக் (1335யுவின் உள்ளமைப்பு) வழிதான்.

இன்னொன்று உள்ளமைப்பே மாறுவது. 2024 செப்டம்பரில் வந்த இன்டெல்லின் லூனார் லேக் பிராசஸரில் பேட்டரி நேரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடியது. அதற்கு விலையும் உண்டு. ரேம் பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது, 16 அல்லது 32 ஜிபி, பின்னால் கூட்ட வழியே இல்லை.

ஏஎம்டியின் 7000 வரிசையில் நான்கு இலக்கத்தின் மூன்றாவது எண்ணைப் படிக்கப் பழகுங்கள். ரைசன் 5 7520யுவில் அது 2, அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 அமைப்பு. 7730யு என்றால் ஜென் 3, 7840யு என்றால் ஜென் 4. முதல் எண் 7 என்பதைக் காட்டிப் புதுசு என்று விற்பார்கள்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் அறிவிப்பு நாளையும் கடைக்கு வரும் நாளையும் குழப்பிக்கொள்கிறார்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 லேப்டாப்களை 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் அறிவித்தது. முதலில் மார்ச் மாத இறுதி வாக்கில் விலை உயர்ந்த மாடல்கள் வந்தன. பெரும்பாலோர் வாங்கும் 5060 மே மாதம்தான் வந்தது. நடுத்தர விலைக்குக் காத்திருப்பவர், அறிவிப்பிலிருந்து நான்கைந்து மாதத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிக் காத்திருந்தும், லேப்டாப் 4060, 5060 இரண்டிலும் நினைவகம் 8 ஜிபிதான். சொந்த லேப்டாப்பில் ஏஐ மாடல்களை ஓட்ட நினைப்பவருக்குத் தடையே அந்த 8 ஜிபி என்பதால், அந்தக் காத்திருப்பில் பெரிய லாபமில்லை. எண்ணைவிட வாட்டை, அதாவது கார்டுக்குத் தரும் மின்சக்தியைப் பாருங்கள். 4060-ஐயே 35 முதல் 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் அமைத்து விற்கிறார்கள். மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட்டில் அடைபட்ட கார்டைத் தடித்த லேப்டாப்பில் உள்ள பழையது முந்திவிடும்.

காத்திருந்தது பலித்த கதையும் உண்டு. மேக்புக் ஏர் எம்3, 2024 மார்ச்சில் 8 ஜிபி ரேமோடு இந்தியாவில் 1,14,900 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அடிப்படை ரேமை ஆப்பிள் 16 ஜிபி ஆக்கியது. 2025 மார்ச்சில் எம்4 ஏர் 99,900 ரூபாய்க்கு வந்தது. ஒரு மாடல் வெளியாகி ஓராண்டை நெருங்கும்போது ஆப்பிளில் பொறுப்பது நியாயம். வெளியாகி மூன்று மாதமே ஆகியிருந்தால் பொறுக்க ஒன்றுமில்லை.

மைக்ரோசாஃப்டின் கோபைலட் பிளஸ் (ஏஐ லேப்டாப்) முத்திரைக்கு 40 டாப்ஸ் வேகமுள்ள என்பியு (ஏஐ வேலைக்கான தனிப் பாகம்) வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள மென்பொருள் எதுவும் அதைக் கேட்கவில்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். ஆர்ம் வகைப் பிராசஸர் கொண்ட ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில் கண் வைத்திருந்தால், பழைய பிரிண்டருக்கும் டிஎஸ்சி டோக்கனுக்கும் (டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி) ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். செயலி ஓடும், சாதாரண விண்டோஸ் டிரைவர் ஓடாது.

6. பொறுத்தால் விலை குறையுமா?

எலக்ட்ரானிக்ஸ் பொருள் நாளாக நாளாக மலியும் என்ற நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் 2025-இன் பிற்பாதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த தொழிலையே விட்டு வெளியேறுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ரேம், எஸ்எஸ்டி விலை ஏறும் காலத்தில் லேப்டாப் நிறுவனங்கள் விலையைக் கூட்டும், அல்லது அதே விலைக்கு 16-க்குப் பதில் 8 ஜிபி வைக்கும். இரண்டாவது தந்திரம் ஸ்பெக் பட்டியலைப் படித்தால்தான் தெரியும். அதனால் முதலில் 16 ஜிபி சோடிம் ரேம் (லேப்டாப்பில் கழற்றி மாட்டும் வகை) ஒன்றின் விலை மூன்று மாதமாக எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஏறுமுகம் என்றால் தள்ளுபடிக்காகக் காத்திருப்பது எதிர்த்திசையில் போகும்.

தள்ளுபடி காலங்கள் தெரிந்தவைதான். குடியரசு தினம், ஜூன்-ஜூலையில் கல்லூரி திறப்பு, ஆடி, செப்டம்பர்-அக்டோபரில் ஆன்லைன் திருவிழா விற்பனை, தீபாவளி. அடித்துக் காட்டும் எம்ஆர்பியோடு ஒப்பிடாமல் முந்தைய 90 நாள் விலையோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கார்டுக்கு 10 சதவீதம் என்றால் அதற்கு உச்சவரம்பு இருக்கும். "நோ காஸ்ட் இஎம்ஐ"யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக்கொண்டாலும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் கார்டில் வரும்.

கணக்கு எளிது. நான்கு மாதம் பொறுத்தால் 5,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,250. அந்த நான்கு மாதமும் லேப்டாப் கையில் இருப்பது உங்களுக்கு மாதம் 1,250-க்கு மேல் மதிப்பு என்றால் இப்போதே வாங்குங்கள். திணறும் லேப்டாப்பில் வேலை செய்து சம்பாதிப்பவருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. இரவில் படம் பார்க்க மட்டும் என்றால் பொறுக்கலாம்.

தொழில் கணக்கில் வாங்குபவர்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். தேய்மானம் கழிப்பவர் என்றால், கணினிக்கான 40 சதவீதத்தை முழுதாக எடுக்க அந்த நிதியாண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தைத் தாண்டி வாங்கினால் அந்த ஆண்டுக்குப் பாதிதான். தீபாவளித் தள்ளுபடியோடு இதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

7. வாங்குவது என்றால், பின்னால் மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

டிஸ்பிளே, கீபோர்டு, பிராசஸர், பற்ற வைத்த ரேம் இவற்றைப் பின்னால் மாற்ற முடியாது, அல்லது மாற்றக் கட்டுப்படியாகாது. பணத்தை இங்கே போடுங்கள். எஸ்எஸ்டி கழற்றக்கூடியதாக இருந்தால் சின்னதாக வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

ரேம் பற்ற வைத்தது என்றால் 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம். 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும் என்றால் இப்போதைக்குச் சமாளிக்கலாம். 45 சதவீதம் என்டிஎஸ்சி (நிற அளவு) என்று எழுதிய டிஸ்பிளே மங்கலாக, வெளிறித் தெரியும். படம், டிசைன் வேலைக்கு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இன்னொரு நிற அளவு), 300 நிட்ஸ் (வெளிச்ச அளவு) தேடுங்கள். டைப்-சியில் சார்ஜ் ஆகுமா என்று பாருங்கள். சார்ஜர் கெட்டால் கம்பெனி சார்ஜருக்கு அலைய வேண்டியிருக்காது.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றைக்கே சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். சில சமயம் பில் தேதிக்குப் பல மாதம் முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். பில்லை அனுப்பினால் திருத்தித் தருவார்கள், ஓராண்டு கழித்துக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். ரிட்டர்ன் காலம் முடியும் முன் எல்லாக் கீயும், யுஎஸ்பி போர்ட்டும், கேமராவும், டிஸ்பிளேயில் செத்த புள்ளியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பொறுப்பது என்று முடிவானால், 5-இல் எழுதிய வரியையும் கடைசி நாளையும் போன் காலண்டரில் போடுங்கள். இன்றைக்கு வாங்கியிருந்தால் எடுத்திருப்பீர்கள் என்ற மாடலையும் அதன் விலையையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நாளில், எதிர்பார்த்தது வந்திருந்தாலும் வராவிட்டாலும், அன்றைக்குக் கடையில் இருப்பதை அந்த மாடலோடு ஒப்பிட்டு வாங்கிவிடுங்கள். பேக்அப்பை மட்டும் அதுவரை வாராவாரம் எடுங்கள். ஹார்ட் டிஸ்கில் ஓடும் பழைய லேப்டாப் என்றால் இன்று இரவே.